கடைசி ஆளுக்கு ஓர் அம்பு

காலை 5.40, மேட்டூர். கோழிக்கோட்டுக் கடலில் சைக்கிள் சக்கரத்தை நனைத்துவிட்டு நாகப்பட்டினம் நோக்கிக் கிளம்பிய எங்கள் பதினோரு பேருக்கும் இது ஆறாவது நாள். இன்று ஜலகண்டாபுரம், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக நாமக்கல். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இன்றைக்கு நான்தான் வால். எல்லாருக்கும் பின்னால் வருபவரை அப்படித்தான் அழைப்போம். வாலுக்கு ஒரே வேலை, யாரையும் முந்தாமல் வருவது. முன்னால் போகும் எங்கள் தலைவர் பிரபு ஒவ்வொரு திருப்பத்திலும் கோலமாவால் ஓர் அம்பு போட்டுவிட்டுப் போவார். அம்பு இல்லாத முக்கில் அப்படியே நிற்க வேண்டும். வால் வரும்வரை நகரக் கூடாது. இரண்டாம் நாள் ஒருவர் வழிதவறிய பிறகு இந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

6.50. நங்கவள்ளிக்குச் சற்று முன்னால் என் பின்சக்கரத்தில் வேலமுள் ஏறியது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த வனஜா நின்றார். காட்பாடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், வயது ஐம்பத்திரண்டு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரைக்காரர்.

"நீங்க போங்கம்மா, அம்பு பார்த்துப் போங்க. பின்னாடியே வந்துடறேன்" என்றேன்.

பஞ்சர் ஒட்டி முடிக்க அரைமணி ஆயிற்று. ஏறி மிதிக்கும்போதுதான் முதுகில் எதுவோ உறுத்தியது. வனஜாவின் பை! கிளம்பும்போது அவருடைய கேரியரில் திருகு கழன்றதால் நான் வாங்கி மாட்டிக்கொண்ட பை. குளுக்கோஸ், கடலை மிட்டாய், சர்க்கரை பார்க்கும் கருவி, செல்போன் எல்லாம் அதற்குள். சர்க்கரை இறங்கினால் முதலில் கை நடுங்கும், அப்புறம் பேச்சு குழறும், அப்புறம் எதுவும் தெரியாது என்று வழியில் மைசூரில் தங்கியபோது அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். காலையில் அவர் சாப்பிட்டது இரண்டே இட்லி.

7.55, ஜலகண்டாபுரம். தறிச் சத்தம் தெருவையே நிறைத்திருந்தது. முக்கில் அம்பு இல்லை. ஈரத் தரை மட்டும் இருந்தது. வனஜாவும் இல்லை. பிரபுவுக்குப் போன் செய்தேன். எடப்பாடியில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றார். டீக்கடைக்காரரிடம், "சைக்கிள்ல ஒரு அம்மா போனாங்களா?" என்று கத்திக் கேட்டேன்.

"ஆமாங்க, இப்பத்தான் தாரமங்கலம் ரோட்டுல போச்சுங்க."

அது எடப்பாடிக்கு நேர் எதிர்ப்பக்கம். வேறு ஒன்றும் தோன்றவில்லை, மிதித்தேன். ஒவ்வொரு புளியமரத்தடியிலும் அவர் விழுந்து கிடப்பதாகவே பட்டது. சாலையோரம் ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்து, இறங்கி ஓடி, அது சாக்கு மூட்டைதான் என்று தெரிந்த பிறகும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அவர் மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? சரியாக ஏழாவது கிலோமீட்டரில் முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தது. "வனஜாம்மா!" என்று அலறினேன். திரும்பிப் பார்த்தவர் பால் கேன் கட்டிய வேறு ஒரு அம்மாள்.

"ஏனுங்க, என்னையவா கூப்பிட்டீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் பிரபுவின் போன் வந்தது. "சார், வனஜா கிடைச்சாச்சு. ஜலகண்டாபுரம் முக்கு வீட்லதான் இருக்காங்களாம். நீங்க எங்க சார் இருக்கீங்க?"

9.05. ஈரத் தரைக்கு நேர் எதிர் வீடு. சைக்கிளைக் கேட்டுக்குள் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். நாற்காலியில் வனஜா, கையில் ஒரு சொம்பு, முகத்தில் வியர்வை காய்ந்த உப்பு. பக்கத்தில் அந்த வீட்டுக்காரர் சரோஜா விசிறிக்கொண்டிருந்தார்.

"அம்பு இல்லன்னா நில்லுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நின்னேன். கை நடுங்க ஆரம்பிச்சுது. இவங்க உள்ள கூட்டிட்டு வந்து நாட்டுச் சர்க்கரை கரைச்சுக் குடுத்தாங்க. தெளிஞ்சதும் சைக்கிள்ல ஒட்டியிருக்கற பிரபு நம்பருக்கு இவங்க போன்லேர்ந்து பேசினேன். நீங்க ஏன் சார் நிக்கல?"

யாரையும் முந்தக் கூடாதவன், காக்க வேண்டிய ஒரே ஆளை முந்திக்கொண்டு ஏழு கிலோமீட்டர் போய்வந்திருக்கிறேன். பையைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.

சரோஜாவுக்கு என்னைவிடச் சங்கடம். "எம்மேலதான் தப்புங்க சாமி. காத்தால வாசல் தெளிக்க வந்தா, எங்க ஊட்டு முன்னால அம்பு போட்டுக் கெடக்குது. திருடன் எவனோ அடையாளம் வெச்சுட்டுப் போயிட்டான்னு பயந்து, ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டனுங்க."

மூவருமே சிரித்தோம். என் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. டீ வந்தது. வனஜா சாப்பிட்டு, சர்க்கரையைச் சோதித்து, அளவு சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

10.00. கிளம்பினோம். நாமக்கல்லுக்கு இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர், வெயில் ஏறிவிட்டது. சரோஜா கோலப்பொடி டப்பாவோடு முக்குக்கு வந்தார். குனிந்து, எடப்பாடிப் பக்கம் பார்த்து நீளமாக ஓர் அம்பு போட்டார், ஓரத்தில் இரண்டு புள்ளிப் பூக்களோடு.

"இனிமே வர ஆளில்லைங்க. நான்தான் கடைசி" என்றேன்.

"உங்களுக்குத்தானுங்க போட்டேன்" என்றார்.

அம்பைப் பார்த்துத் திரும்பினேன். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வனஜா முன்னால் போனார். நான் பின்னால் போனேன்.