குறை சொல்லாத ஆறு நாட்கள்

அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு வழி சொல்வது ராய்ஸ் லிண்ட்கிரெனுக்குச் சம்பள வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. 'லூன்' என்ற எழுதும் மென்பொருளைப் பதினோரு வருடமாக அவர்தான் கட்டிக்காக்கிறார். அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திட்டலாம். பெரும்பாலானவர்கள் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பகலில் செய்த திருத்தங்களையெல்லாம் சேர்த்து, அவர் தூங்கும்போது கணினி தானாகவே ஒரு புதிய பதிப்பை உருவாக்கி வெளியிட்டுவிடும். காலையில் முதல் ஆளாக அதை இறக்கிப் பார்ப்பவர் வெண்டெல் ப்ரூயிட். கனடாவின் சஸ்காட்சுவானில் இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ராய்ஸ் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. லூனைப் பயன்படுத்துபவர்கள் இணையத்தில் புகார் எழுதும் குறைப்பட்டியலில் ஏழு மணிக்குள் அவர் பெயர் வந்துவிடும். 'தேடுற பெட்டி ஒரு நூல் கீழ இறங்கியிருக்கு. உனக்குக் கண்ணு தெரியலையா?' வீட்டில் ராய்ஸ் அவரைச் சனியன் என்றுதான் சொல்வார்.

பிப்ரவரியில் திடீரென்று வெண்டெல் எழுதவில்லை. முதல் நாள் ராய்ஸ் சந்தோஷமாகக் காபி குடித்தார். மூன்றாம் நாள் காபி இறங்கவில்லை. குறையே இல்லையா, குறை சொல்ல ஆள் இல்லையா? எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை என்று எப்போதோ ஒரு குறைக்கு நடுவே வெண்டெல் எழுதியிருந்தார். ராய்ஸ் நலம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வரவில்லை.

"போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே?" என்றாள் மனைவி மார்லா.

"நம்பர் இல்ல."

"பதினோரு வருஷமா தினம் மல்லுக்கட்டுறீங்க, நம்பர் கூட வாங்கிக்கலையா?"

"சண்டை போட நம்பர் எதுக்கு?" என்றவருக்கு, சொன்ன பிறகு தன் மீதே எரிச்சல் வந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம், கடைசிப் பேருந்தும் வந்து சேர்ந்தபின், அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வரி முடிவில் கர்சர் இரண்டு எழுத்து தள்ளிக் குதிக்கும் பழைய பிழையைத் தேடியெடுத்து, தன் கையாலேயே லூனுக்குள் திரும்ப வைத்தார். அந்தப் பிழைக்காகப் போன வருடம் வெண்டெல் இரண்டு மாதம் உயிரை வாங்கியிருந்தார். பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். செய்து முடித்ததும், தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ராய்ஸுக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்குப் பட்டியலில் ஒன்பது புகார்கள். ஒன்றில்கூட வெண்டெல் பெயர் இல்லை. ராய்ஸ் பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தார். ஏழேகாலுக்குப் பத்தாவது வந்தது.

'தம்பி, கர்சர் குதிக்குது. போன மார்ச்லயே சரி பண்ணினதாச்சே? ஆறு நாளா தேடித் தேடிப் பாத்தேன், ஒரு குறையும் கண்ணுல படல. எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சுன்னு பயந்துட்டேன். நல்லா இருக்கீங்களான்னு நீ வேற கேட்டியா, பயம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. அதான் பதில் எழுதல. டாக்டரைப் பாக்க நாள் கூட வாங்கிட்டேன். இப்பதான் நிம்மதி. ஆமா, இது எப்படித் திரும்பி வந்துச்சு?'

ராய்ஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பட்டியலில் அவர் ஒரு பொய்கூட எழுதியதில்லை. உண்மையை எழுதினால் கிழவரின் நிம்மதி போய்விடுமோ? வெகுநேரம் யோசித்துவிட்டுத் தட்டினார்.

'நான்தான் வேணும்னே வெச்சேன். நீங்க இருக்கீங்களான்னு தெரியல.'

மதியம்வரை ஒன்றும் வரவில்லை. பிறகு ஊர் உலகமெல்லாம் பார்க்கும் அந்தப் பட்டியலில் பதில் வந்தது.

'இருக்கேன். சீக்கிரம் சரி பண்ணு.'

அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது.