இரண்டாவது பறவை இறங்கிய வெள்ளிக்கிழமை

எழுபதுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பரமட்டாவில், எங்கள் வீட்டுப் பின்னறையில் ஓர் ஐரிஷ்காரத் தம்பி குடியிருந்தான். என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. என்னை அண்ணை என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடப் பழகிவிட்டான். தங்கமான பிள்ளை. விசா முடிந்தும் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டான், அதுதான் குறை. ஊரில் ஒரு பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். கடதாசி இல்லாதவன் அவளை எப்படிக் கூப்பிடுவது?

அப்படி நின்றவர்கள் தாமாக வந்து பதிந்தால் இருக்கவிடுவோம் என்று இங்கத்தைய அரசாங்கம் அறிவித்தது. போனால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தம்பிக்குப் பயம். ஒரு ஞாயிறு பூசை முடிய, அவனுடைய நாட்டுத் தூதரக அதிகாரி தேவாலயத்துக்கே வந்து, "உங்களுக்காக இங்குள்ளவர்களோடு பேசிவிட்டோம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினொரு மணிக்குக் குடிவரவு அலுவலக வாசலில் நிற்பேன், பயப்படாமல் வாருங்கள்" என்றாராம்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குமுன் படி இறங்கிவிட வேண்டும் என்று நான் லீவு போட்டு ஆயத்தமாக நின்றேன். பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டி, தம்பியின் நெற்றியிலும் திருநீறு பூசியாயிற்று. கதவைத் திறந்தவன் படியிலேயே குந்திவிட்டான்.

"அண்ணை, நான் வரேல்லை."

"ஏனடா?"

வேலியைக் காட்டினான். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மேக்பைப் பறவை, தனியாக. "ஒண்டைக் கண்டால் துக்கம். ரெண்டு எண்டால்தான் சந்தோசம். எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

அவன் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு என் பாஷையில்தான் ஞாபகம் இருக்கிறது. சிரிக்க முடியவில்லை. ராகுகாலம் பார்க்கிறவன் எந்த முகத்தோடு சிரிப்பது?

என் மனைவி விரதச் சோற்றில் ஒரு பிடி காகத்துக்கு வைக்காமல் வாயில் ஒன்றும் போடமாட்டாள். எங்கள் வளவுக்குக் காகம் வருவதில்லை. வந்து தின்பதெல்லாம் இந்தப் பறவைகள்தான். "இஞ்சத்தைக் காகம் சால்வை போட்ட காகம்" என்பாள்.

குசினியிலிருந்து சோற்றோடு வந்தாள். "இஞ்சருங்கோ, உவனை எழும்பச் சொல்லுங்கோ. ஒண்டு நிண்டால் சோடி தூரத்திலயே இருக்கும்? பசிச்சால் வராதோ?"

வேலித் தூணில் சோற்றை வைத்து, "கா, கா" என்று தெரு கேட்கக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது. அவள் நிறுத்தவில்லை.

யூக்கலிப்டஸ் மரத்திலிருந்து இரண்டாவது இறங்கியது.

"அக்கா!" என்று தம்பி துள்ளி எழுந்து சிலுவை அடையாளம் போட்டான்.

"கும்பிட்டது காணும். ஓடுங்கோ ரெண்டு பேரும், பத்தரையாகப் போகுது!"

ஓடினோம். சொன்னபடியே அந்த அதிகாரி வாசலில் நின்றார். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். தம்பி வெட்கத்தோடு பறவைக் கதையைச் சொன்னான்.

கழுத்துப்பட்டி கட்டிய அந்தப் பெரிய மனிதர் குரலைத் தாழ்த்தி, "கடைசியாக் கண்டது ஒண்டோ, ரெண்டோ?" என்றார்.

"ரெண்டு."

"அப்ப வா."

நான் வெளியே பஞ்சாட்சரம் சொன்னபடி இருந்தேன். கதவு திறந்தபோது அதிகாரியின் கை தம்பியின் தோளில் இருந்தது. "இருக்கலாமாம் அண்ணை! அவளைக் கூப்பிடலாமாம்!" என்று என்னைத் தூக்கியே விட்டான்.

அடுத்த வெள்ளி மனைவி பிள்ளையாருக்கு நேர்ந்த மோதகம் அவித்தாள். அதிகாரியும் வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம்பி தன் பங்கில் ஒன்றை வேலித் தூணில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டான்.

"அவள் வந்ததும் முதல் இதைப் பழக்கு, கலியாணம் பிறகு" என்றாள் என் மனைவி.