மர்சலின் விற்காத மாத்திரை

சாந்தோம் மர்சலினுக்கு மூக்கு நுனியில் கோபம். பார்மசி படித்துவிட்டு இருபத்திரண்டு வருஷமாக மயிலாப்பூரில் ஒரே மருந்துக் கடையில் நிற்பவள். அவளிடம் தலைவலி மாத்திரை கேட்டால் கிடைக்கிற திட்டில் தலைவலியே ஓடிவிடும் என்பார்கள். மார்கழி வந்தால் கோபம் இரட்டிப்பாகும். கச்சேரியில் கை நடுங்காமல், நெஞ்சு படபடக்காமல் இருக்க வித்வான்கள் ப்ரோப்ரனலால் கேட்டு வருவார்கள். டாக்டர் சீட்டு இருக்காது. முதலாளி பாலு மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுப்பார்.

அன்று அவள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது பாலு சொன்னார்: "சந்திரமௌலி சார் வந்தாரு. பொண்ணு அனன்யா நாலு மணிக்குப் பக்கத்து சபாவுல பாடுதாம். ப்ரோப்ரனலால் ஒரு பட்டை குடுத்தேன்."

"அந்தப் பொண்ணுக்கு வீசிங் இருக்கு! மாசாமாசம் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் நம்மகிட்டதானே வாங்குறாங்க?"

"அதுக்கு இன்னா இப்போ? பிரஷர் மாத்திரைதானே, எல்லாம் ஒரே குடும்பம்."

மர்சலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே குடும்பம்னா ஒரே குணமா? மெட்டோப்ரோலால்னு இன்னொரு பிரஷர் மாத்திரை, அதோட மூலக்கூறுல ஒத்தை வளையம், அதுக்கு எதிர் முனையில ஒரு வால். அந்த வாலாலதான் அது பெரும்பாலும் இதயத்தோட நிக்குது. அதையே வீசிங்காரங்களுக்கு டாக்டர் யோசிச்சுதான் எழுதுவாரு. நீங்க குடுத்த ப்ரோப்ரனலால்ல ரெண்டு வளையம் ஒட்டிக்கினு இருக்கு, அந்த வால் இல்ல. இதயம், நுரையீரல்னு பாக்காம அட்ரினலின் உட்கார்ற எடத்தையெல்லாம் அடைச்சிடும். பம்ப் மருந்துக்கும் நுரையீரல்ல அதே எடம்தான். அது எங்க போய் உட்காரும்?"

பதிலுக்கு நிற்காமல் சபாவுக்கு ஓடினாள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அனன்யா மாத்திரையை உள்ளங்கையில் வைத்திருந்தாள். மர்சலின் பாய்ந்து பிடுங்கினாள்.

"கடையில நிக்கறவ, நீ என்ன டாக்டரா?" என்று எகிறினார் சந்திரமௌலி. "பம்ப் அவ பையிலயே இருக்கு!"

"இதைப் போட்டா அந்த பம்ப் வேலை செய்யாது சார்! பெத்த பொண்ணைக் கொல்லப் பாக்கறீங்களா?"

அனன்யா அப்பாவைப் பார்த்தாள். "போன வாரமும் பாலு மாமா கடையில வாங்கினதுன்னு இதைத்தானே குடுத்தேள்? நாலு தரம் பம்ப் அடிச்சும் மூச்சு வரல. வெறும் பயம்டி, எழுந்து போய்ப் பாடுன்னேளேப்பா."

சந்திரமௌலியை இன்னும் நாலு வார்த்தை கேட்க வந்த மர்சலின், தன் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். போன வாரம் முழுக்க அவளும் அந்தக் கடையில்தான் நின்றிருந்தாள்.