பிடி போடாத கத்தி

சிவக்கக் காய்ந்த இரும்பைப் பழைய இஞ்சின் எண்ணெயில் இறக்கும்போது எழும் மணத்தையும், கருவேப்பிலை கருகிப்போன தாளிப்பின் மணத்தையும் என்னால் இன்றுவரை பிரித்தறிய முடிவதில்லை. சிறு வயதில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் கூந்தலிலிருந்து வந்தன. அந்த ஆள் என் அம்மா. என் சமையலில் எந்நேரமும் ஒரு கருகல் வாசம் இருப்பதாகக் குறை சொல்லும் என் குடும்பத்தாருக்கு நான் கொடுக்கும் விளக்கமும் இதுதான், அவர்கள் ஏற்பதில்லை.

மலைநாட்டில் வத்தேகமையைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் முடிந்து ரோட்டு ஏற்றத்தில் வளையத் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடும், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அப்பாவின் பட்டறையும் இருந்தன. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அடுப்படிக் கத்தி, அக்குறணை இறைச்சிக் கடைகளுக்கு அகலக் கத்தி என்று அப்பா அடித்துக் கொடுக்காத கத்தி இல்லை. ஆனால் கத்திக்காரர் ஒருவருக்கு இருக்கக்கூடாத குறை அவருக்கு இருந்தது. சிவப்பும் பழுப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பெண் பார்க்கப் போனபோது அம்மா சிவப்புச் சேலையில் தகதகவென்று இருந்ததாக அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது பாசிப் பச்சை.

இரும்பு எந்தச் சிவப்புக்கு வந்ததும் எண்ணெயில் இறங்க வேண்டும் என்பதில்தான் கத்தியின் ஆயுள் இருக்கிறது. சற்று முந்தினால் கூர் நிற்காது, பிந்தினால் கண்ணாடிபோல் உடையும். பகல் வெளிச்சத்தில் அந்த நிறம் ஏமாற்றிவிடும் என்பதால், உச்சி வெயிலிலும் பட்டறை ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, கதவடைத்து, இருட்டாக்குவார்கள். அம்மா ஈரக் கையோடு வந்து உலைக்கு எதிரே நிற்பாள். துருத்தி மூச்சுவிடும். சிரட்டைக் கரியின் நடுவே கத்தி கறுப்பிலிருந்து மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கும். பிறகு அம்மா ஒரே சொல் சொல்லுவாள்: "இப்ப." அப்பா குறட்டால் இழுத்து எண்ணெயில் இறக்குவார். இந்தத் "தோய்ச்சல்" நேரத்தில் வீட்டில் வேறு யாரும் அந்தச் சொல்லை உச்சரிக்கக்கூடாது. "இப்ப வர்றேன்" என்று சொல்லி நான் வாங்கிய அடி ஒன்று நினைவிலிருக்கிறது. அதன்பின் பல காலம் "கொஞ்சத்துல வர்றேன்" என்றே சொல்லி, பள்ளிக்கூடத்தில் மந்தமான பிள்ளை என்று பெயரெடுத்தேன்.

இரும்பு தேர்வது அப்பாவின் இலாகா. லொறிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் பாரம் தாங்கும் "வில்லுப்பட்டை"தான் அவருக்குப் பிடித்த எஃகு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அவற்றைக் கட்டித் தூக்கித் தட்டிப் பார்ப்பார். அதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "வண்டி எப்படி நின்னுச்சு?" வயதாகி நின்ற வண்டியென்றால் வாங்குவார். பள்ளத்தில் விழுந்தது, ஆள் செத்தது என்றால் தொடமாட்டார். "அந்த இரும்பு தோய்ச்சல்ல கத்தும்," என்பார். அடிபட்ட பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், திடீர்க் குளிரில் அது "டிக்"கென்று திறந்துகொள்ளும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தும் ஒரு பலனும் இல்லை. அந்தச் சத்தத்தை இருட்டில் கேட்டவர்களுக்கு வெடிப்பு என்று தோன்றாது.

அம்மாவின் தம்பி செல்வம் மாமா, அக்குறணை முதலாளி ஒருவரின் மரக்கறி லொறியை ஓட்டினார். எங்கள் ஏற்றத்தில் லொறி திணறும் இடத்தில் அவர் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பாள். லொறியில் கயிறு அறுக்க ஒரு கத்தி வேண்டுமென்று அவர் அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

"என்னா மச்சான், ஊருக்கெல்லாம் கத்தி, மச்சினனுக்கு மட்டும் பல்லா?"

"நல்ல இரும்பு வரட்டும்டா. ஒனக்குன்னு வரும்."

கலவரத்தில் நாடு கெட்டுக் கிடந்த நாட்களில் ஒரு காலை, மாமா கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுக்குப் போனார். லொறியும் வரவில்லை, அவரும் வரவில்லை. முதலாளி தேடினார், பொலிஸில் சொன்னார், பிறகு தேடுவதை நிறுத்தினார். லொறியை விற்றுவிட்டு மாமா இந்தியாவுக்கு ஓடிவிட்டார் என்று ஊர் பேசியது. திருட்டுப் பட்டம்தான், ஆனாலும் அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திருடன் உயிரோடு இருப்பானே. "அங்கிட்டு எங்கயாச்சும் வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பான், கழுத," என்று திட்டும்போதெல்லாம் அவள் முகம் தெளியும்.

அதற்குப் பின்னர் ஒருநாள் அப்பா சாக்கில் சுற்றிய பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கமாக அதன் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே வருவார்: கொழும்பு பஸ், நல்ல மனுசன் ஓட்டினது, இத்தியாதி. அன்று ஒன்றும் சொல்லாமல் மூலையில் சாத்திவிட்டு முகம் கழுவப் போனார். புதுப் பட்டையின் முனையில் அரம் போட்டுப் பார்ப்பது அம்மாவின் வேலை. நல்ல வில்லுப்பட்டையில் அரம் கீச்சிட்டு வழுக்கும். இதில் அரம் சத்தமே இல்லாமல் இறங்கியது. தூள் மாவுபோல் கொட்டியது. அம்மா நடுவில் போட்டுப் பார்த்தாள், மறுமுனையில் போட்டுப் பார்த்தாள்.

"என்னாங்க, இது வெந்த இரும்பு."

"யாராச்சும் ஒலையில வச்சிருப்பாங்க."

"முழுப் பட்டையையுமா?"

முழு நீளமும் வேக வேண்டுமென்றால், எரிந்தது முழு வண்டி. அம்மா பட்டையைத் திருப்பினாள். அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொட்டு. அப்பா தன் கையால் செய்த எதிலும் அடிக்கும் அடையாளம் அது; எங்கள் தேங்காய்த் துருவியிலும் உண்டு. மாமாவின் லொறியில் உடைந்த பட்டைக்குப் பதிலாக ஒன்றை வளைத்துப் பதமாக்கிப் பூட்டிக் கொடுத்தவர் அப்பாதான். வேறு எந்த வண்டிக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை.

அம்மா அழவில்லை. அப்பாவின் கேள்வியை அப்பாவிடமே கேட்டாள்.

"வண்டி எப்படி நின்னுச்சு?"

துவாயால் முகத்தை மூடியபடியே அப்பா சொன்னார்: "கேக்கல."

ஒரு தடவைகூடக் கேட்காமல் வாங்காத மனிதர். அம்மா வெகுநேரம் அந்தப் பொட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவன் கத்தி கேட்டானே. இதுல அடிங்க," என்றாள்.

தோய்ச்சலுக்கு அன்றும் சாக்குத் தொங்கியது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை வெளியே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கத்தி கறுப்பிலிருந்து தெரிந்தது, சிவந்தது, இன்னும் சிவந்தது. அம்மா பேசவில்லை. அப்பா குறட்டைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார். எது சிவப்பு என்று தெரியாத அவர் கண்ணில் உலை மட்டும் மின்னியது. அம்மா அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதோ முடிந்துவிடும் என்பது எனக்கே புரிந்தது. அவள் இன்னும் கொஞ்சம் மௌனமாக இருந்தால் கத்தி பாழாகும் என்பதும்.

"இப்ப."

அப்பா இறக்கினார். எண்ணெய் சீறி அடங்கியது. மூவரும் காதைக் கொடுத்து நின்றோம். "டிக்" வரவில்லை. வெளியே எடுத்து அரம் போட்டால், கீச்சென்று வழுக்கியது. தீயில் வெந்து இளகிப்போன எஃகு, சரியான சூட்டில் தோய்த்தால் பழைய வைரத்துக்குத் திரும்பிவிடும். இப்படியொரு சலுகை எஃகுக்கு மட்டும்தான்.

"சரியா சொன்ன," என்றார் அப்பா.

"நான் சொல்லலியே," என்றாள் அம்மா.

"அப்ப புள்ள சொல்லியிருக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அது ஆண் குரல் என்று எழுதினால் கட்டுரை களைகட்டும். அப்படி எழுத எனக்குத் தைரியமில்லை. நான் சொல்லவில்லை என்று மட்டும் தெரியும். பயத்தில் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து வைத்திருந்தேன்.

எங்கள் பட்டறையில் பிடியைக் கடைசியாகத்தான் போடுவார்கள். கத்தி கேட்டவர் வந்து வெறுங்கத்தியைப் பிடித்துப் பார்த்து, கை அளவு கொடுத்த பிறகே மரம் செதுக்குவார்கள். அப்பா அந்தக் கத்தியைத் தீட்டி முடித்து, இரண்டு பொட்டு அடித்து, அம்மாவிடம் கொடுத்தார். பிடி போடவா என்று அவர் கேட்கவுமில்லை.

அப்பா போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒருவர் கைத்தொலைபேசி பழுதுபார்க்கிறார், வெளிச்சமான கடை. நான் அம்மாவோடு மடவளைப் பக்கம் ஏற்றத்தில் ஒரு வீட்டில் இருக்கிறேன். கத்தி அலுமாரியின் இழுப்பு லாச்சியில், துணியில் சுற்றியபடி இருக்கிறது. பாரம் ஏற்றிய லொறி ஏதாவது வெளியே திணறினால் அந்தக் கத்தி மெல்ல முனகும். பிடியில்லாத எஃகு அதிர்வை வாங்கும், இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை என்று விருந்தாளிகளுக்கு நான் விளக்குவதுண்டு. அதன்பின் அவர்கள் அதிகம் தங்குவதில்லை.

போன மழையில் மேலே மண் சரிந்து பாதை மூடி, வண்டி எதுவும் ஓடாத வாரம். மாலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். லாச்சிக்குள் முனகல் கேட்டது. இன்னொரு துணி சுற்றலாமென்று எழுந்தேன்.

"விடு புள்ள," என்றாள் அம்மா, கதிரையில் சாய்ந்தபடி. "அவன் கியர் மாத்துறான். தண்ணி வையி."

விசாரிக்கும் புத்தியுள்ள எவரும் ஜன்னலைத் திறந்து பாதையை எட்டிப் பார்த்திருப்பார்கள். நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன்.