வாயால் சொல்லாத அழைப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற மில் ஒன்றில் ஆசீர்வாதம் கிரேன் ஓட்டுகிறார். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. ஷெட்டின் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்கிற கிரேன். அதன் வயிற்றில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய இடம். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஷிப்டு முடிகிறவரைக்கும் ஒரு மனித முகத்தைப் பக்கத்தில் பார்க்க முடியாது. கீழே நிற்கிறவன் கையைத் தூக்குவான், இறக்குவான், விரலைச் சுழற்றுவான். அதுதான் பேச்சு. மற்றபடி சூடும் இரைச்சலும்.

அந்த வேலைக்கு வாய் வேண்டாம். ஆசீர்வாதத்துக்கோ வாய் ஜாஸ்தி. ஆகவே பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து, ஷிப்டு மாறுகிற நேரத்தில் மொத்தமாகக் கொட்டுவார். ஏணி உச்சியில் ரெண்டு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு இரும்பு மேடை உண்டு. அடுத்த ஷிப்டுக்காரன் ஏறி வந்து அங்கே நிற்க வேண்டும், இவர் பிரேக் எப்படி, கொக்கி எப்படி என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது கம்பெனி விதி. வந்து நிற்பவன் ஜெகன். புதுவாயல்காரன், இவரைவிடப் பத்து வயசு சின்னவன்.

"இன்னாண்ணா, எறங்கலியா? மேலயே குடித்தனம் வெச்சிட்டியா?"

"ஏண்டா, லேட்டா வந்துட்டு எனக்கே நாக்க நீட்றியா? நாஷ்டா துன்னியா?"

"துன்னேன். உன் மூஞ்சிதான் துன்னாத மாதிரி கீது."

இப்படி ஆரம்பித்து, ஜெகன் பெண்சாதி சந்திரகலா அவனிடம் போட்ட சண்டை, ஆரம்பாக்கத்தில் மழை, சர்ச்சில் மைக் கெட்டது என்று எல்லாம் வந்து, கடைசியில் பிரேக் கொஞ்சம் லேட்டாகப் பிடிக்கிறது என்பதில் முடியும். விதிப்படி பார்த்தால் அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான் வேலை. மிச்சம் எல்லாம் அவர்கள் போட்டுக்கொண்டது.

போன வருஷம் ஆசீர்வாதத்தின் மனைவி ஹெலன் கிட்னி கெட்டு இறந்துபோனாள். பிள்ளை இல்லை. அதன்பிறகு அந்த மேடைப் பேச்சுதான் அவருக்கு ஒரு நாளின் மொத்தப் பேச்சும். வீட்டுக்குப் போனால் டிவி பேசும், இவர் கேட்பார்.

அப்புறம் கம்பெனியில் அந்தப் புது சாஃப்ட்வேர் வந்தது.

ஸ்ரேயா என்று ஒரு பெண், திருவள்ளூரிலிருந்து வருகிறவள், ஆபீஸில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் பார்க்கிறவள், எல்லார் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். கூண்டிலும் ஒரு டேப்லெட் மாட்டினாள். ஷிப்டு முடிகிறபோது பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். உள்ளே இருக்கிற ஏஐ அதைக் கேட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து, ரெண்டு வரியில் எழுதி, அடுத்தவனுக்கும் சூப்பர்வைசருக்கும் அனுப்பிவிடும். ஒடிசாக்காரனுக்கு அவன் பாஷையில் போகும். யாராவது தேதி, நேரம் சொன்னால் அதற்கு ஒரு அழைப்பு தயார் செய்து குரூப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் தள்ளிவிடும். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் வேலை செய்தது. முன்பு ஆள் மறந்து போன ரிப்பேரெல்லாம் இப்போது மறக்கவில்லை.

எழுத்தில் எல்லாம் வந்துவிட்டபிறகு ஆளுக்கு ஆள் நின்று சொல்லுவானேன்? அந்தக் கால் மணி நேரத்தைக் கம்பெனி எடுத்துவிட்டது. இவர் இறங்கி வடக்கு கேட்டில் கேமராவுக்கு முகம் காட்டி வெளியே போனபிறகுதான் ஜெகன் தெற்கு கேட்டில் முகம் காட்டி உள்ளே வருவான். மேடை காலி.

ஆசீர்வாதம் அப்போதும் மேடையில் நின்றுதான் பேசுவார். டேப்லெட்டைக் கழற்றி எடுத்துவந்து, ஜெகன் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவார்.

"ஜெகா, நாஷ்டா ஆச்சா நைனா? எனக்கு நேத்துலருந்து இருமல். ராத்திரி பூரா பேஜாரு. சந்திரா இன்னா சொல்லுது? அப்பறம், கொக்கி எறங்கும்போது ஒரு கிறீச் சத்தம் வருது, பாத்துக்கோ."

கொஞ்ச நேரத்தில் திரையில் வரும்: 'கொக்கி இறங்கும்போது சத்தம். பரிசோதிக்கவும்.'

அவ்வளவுதான். இருமல் எங்கே போனது, சந்திரா எங்கே போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் கேன்டீனில் ஸ்ரேயாவைப் பிடித்துவிட்டார்.

"பாப்பா, நான் சொன்னதுல பாதி காணுமே. அது ஜெகனுக்குப் போகாதா?"

"அது வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும் அங்கிள். அப்படித்தான் செட் பண்ணியிருக்கு."

"மிச்சத்த யாரு கேக்கறது?"

அவள் சிரிக்கப் போனாள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "யாரும் இல்ல அங்கிள்," என்றாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஹெலனுக்கு வருஷம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் நினைவு ஜெபம், பிறகு சாப்பாடு. சர்ச் ஆட்களுக்குப் பாஸ்டரே சொல்லிவிட்டார். மில் ஆட்களில் அவருக்கு வேண்டியவன் ஒருத்தன்தான். ஜெகன் வந்து நின்றால் போதும் என்றிருந்தது. ஹெலன் சாவுக்கு ஆம்புலன்ஸ் பிடித்ததிலிருந்து பெட்டிக்குத் தோள் கொடுத்ததுவரை அவன்தான்.

ஆனால் அவனைக் கூப்பிட வேண்டுமே. அங்கேயெல்லாம் நல்லதோ கெட்டதோ, வீட்டுப்படி ஏறி வாயால் சொன்னால்தான் அழைப்பு. போனில் சொன்னால், 'ஏதோ கடமைக்குச் சொன்னான்' என்று அர்த்தம். அதுவும் புருஷன் பெண்சாதியாகப் போக வேண்டும். இத்தனை வருஷமும் ஹெலன்தான் முன்னால் நின்று பேசுவாள். இவர் பின்னால் செருப்புக்குக் காவல் போல நிற்பார். இப்போது ஒற்றை ஆளாய்ப் போய் ஒருத்தன் வாசலில் நின்று, என் பெண்சாதிக்கு வருஷம் என்று எப்படிச் சொல்லுவது? ஒருநாள் புதுவாயல் கூட்ரோடு வரைக்கும் பஸ்ஸில் போனார். இறங்கி டீ குடித்துவிட்டு எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

கடைசியில் ஒரு யோசனை செய்தார். மேடைதானே எங்கள் ரெண்டு பேருக்கும் வீடு. அங்கே நின்று சொன்னால் நேரில் சொன்ன மாதிரிதான். டேப்லெட்டைக் கையில் எடுத்தார்.

"ஜெகா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊட்ல ஹெலனுக்கு ஜெபம். சந்திராவ, புள்ளைங்கள கூட்டிக்கினு வந்துடு நைனா. நீ வரலன்னா எனக்கு ஆளில்ல."

ஏஐ இதை விடவில்லை. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. 'ஹெலன் – ஜெபம், ஞாயிறு மாலை 5' என்று ஒரு அழைப்பு தயார் செய்து, கீழே வீடியோவுக்கு லிங்க் ஒன்றும் ஒட்டி, ஜெகனிலிருந்து மேனேஜர் வரைக்கும் அனுப்பிவிட்டது. கடைசி வாக்கியம் அதில் இல்லை.

ஆசீர்வாதம் வீட்டுக்குப் போவதற்குள் போன் டிங் டிங் என்று அடித்தது. 'வருகிறேன்', 'வருகிறேன்' என்று பெயர் பெயராக விழுந்தது. ஃபர்னஸ் ஆட்கள், டிஸ்பாட்ச், ஒடிசாப் பையன்கள், ஸ்ரேயா. அந்தக் குரூப்பில் வருகிற எதற்கும் 'வருகிறேன்' என்று அழுத்தாவிட்டால் அது நாள் பூராவும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லைக்காகவே எல்லாரும் அழுத்துவார்கள். ஆசீர்வாதமும் அப்படித்தான் அழுத்துகிறவர். ஆனால் தன் வீட்டு விசேஷம் என்றதும் அது மறந்துபோனது. ஜெகன் பெயரைத் தேடினார். இருந்தது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

பக்கத்து வீட்டு ரோசம்மாளிடம் ஓடினார். "அக்கா, மில்லே தெரண்டு வருது. பிரியாணி பெரிய அண்டால போட்டுடலாம்."

"ஒனக்கு இவ்ளோ சனம் கீதா?" என்றாள் ரோசம்மாள்.

"எனக்கே தெரியாமப் போச்சுக்கா."

ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஷாமியானா, நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது. ஹெலன் படத்துக்கு மாலை. பாஸ்டர் வந்தார், சர்ச்சிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். ஐந்து அடித்தது. நாற்காலிகள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஃபேக்டரிக்காரங்க வந்தபிறகு ஆரம்பிக்கலாமா, பிரதர்?" என்றார் பாஸ்டர்.

"வந்துடுவாங்கய்யா. ரயில் லேட்டு போல."

அப்போது போன் துடித்தது. 'உங்களுக்காகப் பலர் காத்திருக்கிறார்கள்' என்று திரையில் வந்தது. எங்கே காத்திருக்கிறார்கள்? தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் கீழே இருந்த பொத்தானை அழுத்தினார். கட்டம் கட்டமாகத் திறந்தது. பாதிக் கட்டத்தில் பெயர் மட்டும். மீதியில் முகம். ஜெகன் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சந்திரகலா.

"ஆரம்பிக்கலாம் அங்கிள்," என்றாள் ஸ்ரேயா. "எல்லாரும் ம்யூட்ல இருக்கோம். உங்களையும் பண்ணிடறேன், உங்க பக்கம் கரகரங்குது. பாஸ்டர் பேசறப்ப எடுத்துடறேன்."

ஆசீர்வாதத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். பாஸ்டர் ஜெபம் பண்ணினார், போனை நோக்கியும் ஒரு தடவை கையைத் தூக்கி ஆசி சொன்னார். முடிந்ததும் ஸ்ரேயா இந்தப் பக்கத்தை மறுபடி ம்யூட் பண்ணிவிட்டு, மற்றவர்கள் பேசத் திறந்துவிட்டாள். திரையில் கும்பிடுகிற கை படங்கள் மிதந்து மேலே போயின. மேனேஜர் ஏதோ இங்கிலீஷில் வருத்தம் சொன்னார். ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. ஜெகன் கையைத் தூக்கி, ஷெட்டில் கீழே நிற்கிறவன் 'போதும்' என்று காட்டுவதுபோல ஆட்டினான்.

அவன் கட்டம் மட்டும் அணையவில்லை. போனை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டான் போலிருக்கிறது. ஓடுகிற ஃபேனும் கூரையும் தெரிந்தன. ஆசீர்வாதம் அணைக்கப் போனார். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "யம்மா, முட்டை எனக்கு," என்று கத்தியது. ஒரு பாத்திரம் உருண்டது. விரலை எடுத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்தவன் வீட்டைக் கேட்பது தப்புதான். ஆனால் ஒரு வீட்டின் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"நீ நேர்லயே போயிருக்கலாம்," என்றது சந்திரகலாவின் குரல். "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா? சுருங்கிப் போச்சு."

"எப்டிடி போறது?" ஜெகன் குரல் விறைப்பாக இருந்தது. "இத்தினி வருசப் பழக்கம். ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொன்னாரா? மேனேஜருக்கு ஒரு லிங்க், எனக்கும் அதே லிங்க். பொட்டி தூக்குனவன்டி நானு. லிங்க்ல கூப்ட்டாரு, லிங்க்ல போய் நின்னேன். சரியாப் போச்சு."

"ஹெலன் அக்கா இருந்திருந்தா ஊட்டுக்கு வந்து சொல்லியிருக்கும்."

"லூசாடி நீ? அக்கா இருந்திருந்தா வருச ஜெபமே இல்லியே."



"ஜெகா!" என்று ஆசீர்வாதம் கத்தினார். "டேய், நான் சொன்னேன்டா! மேடையில நின்னு சொன்னேன்டா!" சர்ச் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரேயா பூட்டிய வாய் இன்னும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கை வந்து போனை எடுத்தது. கட்டம் அணைந்தது.

அவர் எழுந்து முகம் கழுவினார். சட்டையை மாற்றினார். ரோசம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட? இத்த யார் துன்றது?"

"சர்ச் ஆளுங்களுக்குப் போடுக்கா. ஒரு ஊட்டுக்கு மட்டும் எடுத்து வெச்சுடு. நான் புதுவாயல் போயிட்டு வந்துடறேன்."

"அப்ப ஒரு தூக்குல போட்டு கையோட எடுத்துக்கினு போயேன்."

"கூப்ட போறவன் சோறு தூக்கிக்கினு போவானா? அவன் இங்க வந்து துன்னணும்."

ரோசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்டியாவா போற? நானும் வரவா?"

"வேணாங்க்கா. ஒண்டியாதான் போவணும். இனிமே அப்டித்தானே."

ஜெகன் வீட்டு வாசலில் அவர் போய் நின்றபோது இருட்டிவிட்டது. ஜெகன்தான் கதவைத் திறந்தான். பின்னால் சந்திரகலா, "உள்ள வாங்கண்ணா," என்றாள்.

அவர் படி ஏறினார், ஆனால் உள்ளே போகவில்லை. முன்னால் நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கட்டிக்கொண்டார்.

"ஜெகா. இன்னிக்கு நம்ம ஹெலனுக்கு வருசம். ஊட்ல ஜெபம் வெச்சிக்கிறோம். நீ, சந்திரா, புள்ளைங்க, குடும்பத்தோட வந்து இருந்து, சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

ஜெபம் முடிந்து ரெண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஜெகன் கதவு விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"வரோம்ணா," என்றான். அப்புறம், "நில்லு, பைக்ல ஒன்ன உட்டுட்டு, வந்து இவங்கள இட்டாரேன்."

"வேணாண்டா. நீ குடும்பத்தோட வா. நான் முன்னாடி போறேன். நீங்க வரும்போது ஊட்ல 'வாங்க'ன்னு சொல்ல ஆள் வேணும் இல்ல."

சொல்லிவிட்டு அவர் படியிறங்கி, ஹைவேயைப் பார்த்து வேகமாக நடந்தார்.