விரல் இருந்ததா?

பக்ருன்னிசா பேகம் (1966 – 2011). மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி முகமது யூசுபின் இளைய மகள். கோவை கோட்டைமேட்டில் சாக்கு வியாபாரம் செய்த கலீல் ரஹ்மானின் மனைவி. ரிஃபத்தின் தாயார் என்றும், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் என்றும் அவரை அறிந்தவர்கள் பலர். ரிஃபத் பிறப்பதற்கு முன்பு நிகழ்ந்ததை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

திருமணமாகி ஐந்து ஆண்டுகள் கழித்து, 1993இல் அவர் முதன்முறையாகக் கருவுற்றார். மூன்றாம் மாதம் முடியும் தறுவாயில், செப்டம்பர் 2ஆம் நாள் காலையில், உதிரம் கண்டது. கணவரும் கணவரின் அக்காள் நஸ்ரியாவும் ஆட்டோவில் ஏற்றி, நகரிலிருந்த ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். ஸ்கேன் அறையில் திரை டாக்டரம்மாவின் பக்கமாகத் திரும்பியிருந்தது. "துடிப்பு இல்லைம்மா" என்று மட்டும் அவர் சொன்னார். நண்பகலில் மயக்க மருந்து கொடுத்துக் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள்.

கண் விழித்தபோது பக்ருன்னிசா பிள்ளை பெற்றவர்களின் கூடத்தில் கிடந்தார். வேறு கட்டில் காலியில்லையாம். துணி மாற்ற வந்த ஆயா காளியாத்தாள் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க தொட்டிலைக் காணோமே? பக்கத்துக் கட்டிலுக்காரி தள்ளிட்டுப் போயிட்டாளா? அவ எதையும் கேட்டு எடுக்கமாட்டா."

நஸ்ரியாவுக்குச் சுரீரென்று ஏறியது. "கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கே? போம்மா அந்தாண்ட!"

கட்டிலில் தொங்கிய அட்டையைக் கண்டதும் காளியாத்தாளின் முகம் மாறிவிட்டது. "தெரியாம கேட்டுப்போட்டேன் கண்ணு" என்று பக்ருன்னிசாவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் நஸ்ரியா குனிந்து காதோடு சொன்னார்: "பக்ரு, டாக்டரம்மா வந்தா ஒண்ணு கேட்டுக்க. கை, காலு, விரலு, நகம், ஏதாச்சும் வந்திருந்துச்சான்னு. வந்திருந்தா இது பிள்ளைப்பேற்றுத் தொடக்கு, பெத்தவளுக்கான தீட்டு. உதிரம் நிக்கிற வரைக்கும், மிஞ்சினா நாப்பது நாள், தொழுகை இல்லை. ஒண்ணும் வரலைன்னா மாசத் தொடக்குதான். பத்து நாள் போனா, உதிரம் நிக்காட்டியும் குளிச்சுத் தொழுதாகணும்."

நஸ்ரியா மார்க்கச் சட்டங்களைக் கற்றவர்; கடமை தவறக் கூடாது என்பதற்காகவே சொன்னார். பக்ருன்னிசாவோ அதில் வேறொன்றைக் கேட்டார். தாம் இழந்தது பிள்ளையா இல்லையா என்பதற்கு உலகில் ஒரு விடை உண்டு. அந்த விடை டாக்டரம்மாவிடம் இருக்கிறது.

மாலையில் டாக்டரம்மா வந்தார். பக்ருன்னிசா எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், விரலு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

டாக்டரம்மா இரக்கமுள்ளவர். அழுது அழுது வீங்கியிருந்த அந்த முகத்தைப் பார்த்து, தலையைத் தடவிக்கொடுத்தார். "ஒண்ணுமே உருவாகலைம்மா. வெறும் ரத்தக்கட்டி. குழந்தைன்னு நினைச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதே."

கலீல் ரஹ்மான் பெருமூச்சு விட்டார். நஸ்ரியா, "அப்பப் பத்துநாள் கணக்குதான்" என்றார்.

"புள்ளை இல்லைன்னு எவ்வளவு சுளுவாச் சொல்லிப்போட்டீங்க மதினி" என்று பக்ருன்னிசா சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழிந்தது. உதிரம் நிற்கவில்லை. சட்டப்படி குளித்தார், ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கைகால் கழுவி ஒளுச் செய்து தொழுதார். நெற்றி பாயில் படும்போதெல்லாம், உனக்குப் பிள்ளை இல்லை, இல்லை என்று தம் வாயாலேயே சொல்வது போலிருந்தது. அழுகையைக்கூட அடக்கிக்கொண்டார். ரத்தக்கட்டிக்காக யாராவது அழுவார்களா?

செப்டம்பர் 16ஆம் நாள் மறுபரிசோதனை. உதிரம் இன்னும் படுவதைக் கேட்ட டாக்டரம்மா, "ஓய்வா இருக்கியா?" என்றார்.

"இருக்கேனுங்க. தொழறப்பதான் குனிஞ்சு நிமிந்தா இடுப்பு இழுக்குதுங்க."

"தொழறியா? இங்க வர்ற உங்க ஆளுங்க நாற்பது நாள் தொழுகை இல்லைன்னு சொல்வாங்களே?"

"அது புள்ளை பெத்தவங்களுக்குங்க டாக்டர். எனக்குத்தான் ஒண்ணுமே உருவாகலைன்னு சொன்னீங்களே. அதான் தொழறேனுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உன் மனசு ஆறட்டும்னு சொன்னேம்மா."

"அப்ப இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. கை இருந்துச்சு. விரல் பிரிஞ்சிருந்துச்சு."

பக்ருன்னிசா தம் வலது கையை மடியில் வைத்து விரித்துப் பார்த்தார். "ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்று எழுந்து வெளியே வந்தார். வராந்தாவில் நின்ற கணவரிடம், "விரலு இருந்துச்சாமுங்க" என்றார். கலீல் ரஹ்மான் காளியாத்தாளைத் தேடிப்போய், அதை எங்கே போட்டார்கள், எடுத்து அடக்கம் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கே குப்பையோடு போய்விட்டதாம். அதை மனைவியிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டில், பிற்பகல் தொழுகையான அஸர் வேளையில், நஸ்ரியா குரல் கொடுத்தார்: "பக்ரு, பாங்கு சொல்லியாச்சே, தொழலையா?"

"எனக்குத் தொழுகை இல்லை மதினி. நான் புள்ளை பெத்தவ."

விவரத்தைக் கேட்ட நஸ்ரியா அடுப்படிக்குப் போனார். அன்றிரவு பிள்ளை பெற்றவளுக்கு வைப்பதுபோல் பூண்டுக்குழம்பு வைத்து, சுடுசோற்றில் பிசைந்து தாமே ஊட்டினார். பக்ருன்னிசா விம்மி விம்மி அழுதுகொண்டே உண்டார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. பாங்கு கேட்கும்போதெல்லாம் எழாமல் படுத்திருந்தார். அந்தப் பிள்ளைக்காக அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றே. நாற்பதாம் நாள் வரை அது நீடிக்கும் என்று நம்பியிருந்தார்.

உதிரத்துக்கு அந்த நம்பிக்கை தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை விடியலில் ஒரு கறை கண்டது. நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு கேட்டபோதும் இலேசாகப் பட்டிருந்தது. அதன்பின் துணி வெள்ளையாகவே இருந்தது. நின்றுவிட்டால் நாற்பதுக்குக் காத்திராமல் குளித்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் மீண்டும் மீண்டும் குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு துளியாவது இருக்காதா என்றுதான் பார்த்தார். அஸர் நேரம் கடந்துவிடும் போலிருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

அந்தப் பிள்ளையைப் பெற்றவர் என்ற முறையில் பக்ருன்னிசா கடைசியாகத் தொழாமல் இருந்த வேளை, 1993 செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை, லுஹர்.