மேங் கேப்டனின் பதக்கம்

மேங் கி-ஹோ விமானிகளின் பயிற்சி வகுப்பறையில் போடும் சத்தத்தில் ஜாடியிலிருக்கும் கிம்ச்சி ஊறுகாய் இரண்டு நாள் முன்னதாகவே புளித்துவிடும் என்று சியோலில் சொல்வார்கள். சுத்தப் பொய். ஒரு நாள்தான். முப்பத்தோரு வருஷம் விமானம் ஓட்டியவர் துணை விமானிகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் தப்பு பண்ணினா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கடா. மரியாதையெல்லாம் தரையில இறங்கினப்புறம் வெச்சுக்கலாம்."

"சரிங்க சன்பே!" என்று அத்தனை பேரும் இடுப்பு வரை குனிவார்கள். விமானப்படைப் பள்ளியில் ஒரு வருஷம் முன்னால் படித்தவரே சாகும்வரை சன்பே, அதாவது மூத்தவர்தான். மேங் அவர்களுக்குக் குறைந்தது பதினான்கு வருஷம் மூத்தவர்.

ஓய்வுக்கு முன் கடைசிப் பயணம். இறங்கவேண்டிய யோசு விமான நிலையத்தில் அடைமழை. பக்கத்தில் துணை விமானியாகத் தாக் ஜுன்-யோங், அவரிடம் பயின்றவர்களில் படுகெட்டிக்காரன். இறங்கும் வேகம் அதிகம் என்று முள் காட்டியது. தாக் பார்த்துவிட்டான். மேங்கின் கண்களோ மழைக்குள் ஓடுபாதை விளக்குகளைத் தேடிக்கொண்டிருந்தன.

"சன்பே... மழை பலமாத்தான் இருக்கு, இல்லீங்களா?"

"ஆமாப்பா."

"ஓடுபாதையும் நனைஞ்சிருக்கும்..."

"மழை பெஞ்சா நனையாம என்ன பண்ணும்?"

பாதி ஓடுபாதை கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. வழுக்கிக்கொண்டே போய், முனைக்கு ஒரு கை நீளம் முன்னால் நின்றது. பின்னால் நூற்றுப்பத்துப் பேர் கைதட்டினார்கள்.

"ஏன்டா சொல்லலே?"

"சொன்னேனே சன்பே. மழைன்னு."

அன்றே மேங் அறிக்கை எழுதினார்: வேகத்தைக் கவனிக்காதது என் தவறு. துணை விமானியும் கையெழுத்திட வேண்டும். தாக் பேனாவைத் தொடவில்லை.

"உங்க பேரைக் கெடுக்கிற காகிதத்துல என் கையெழுத்தா? கையை வெட்டிப் போட்டுடுவேன் சன்பே."

"நான் சொல்லிக் குடுத்தது இதுவாடா?"

"சொல்லிக் குடுத்தவருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படிங்க?"

காற்றின் மேல் பழியைப் போட்டுத் தாக் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தான். விமான நிறுவன நிர்வாகத்துக்கு அதுதான் இனித்தது. ஒரு குறையுமில்லாத முப்பத்தோரு வருஷம் என்று மேங்குக்குப் பதக்கம் குத்தி, படத்தையும் வகுப்பறைச் சுவரில் மாட்டினார்கள்.

மறு வாரம் மேங் அந்த வகுப்பறையில் போய் நின்றார். அவருடைய பழைய சத்தம் அப்படியே இருந்தது.

"அந்தப் படத்தைக் கழட்டுங்கடா!"

"சரிங்க சன்பே!" என்று அத்தனை பேரும் இடுப்பு வரை குனிந்தார்கள்.

ஒருவனும் கழற்றவில்லை.